மலையில் நாம் விருந்தினர்

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் பதனிடும் ஆலைகளின் நெடியை வாரமெல்லாம் சுவாசிக்கும் நமக்கு, ஏலகிரி அருகிலிருக்கும் ஆறுதல். பொன்னேரியிலிருந்து ஏறினால் 14 கொண்டை ஊசி வளைவுகள். புலவர், வள்ளல் ஆகியோரின் பெயர்கள் அவற்றுக்குச் சூட்டப்பட்டுள்ளன. முல்லைக்குத் தேரீந்த பாரியும் அங்கே உண்டு. கொடுத்தவர்களின் பெயர்களைக் கடந்து, பெற்றுக்கொள்ள மட்டுமே நாம் மேலே செல்கிறோமோ என்னும் ஐயம் எனக்கு நெடுநாளாக உண்டு.

ஒருமுறை மங்கலத்திலிருந்து சுவாமிமலை உச்சிக்கு நடந்தபோது, களைத்து அமர்ந்த எங்களுக்கு ஒரு மூதாட்டி செம்பில் தண்ணீர் கொடுத்தார். மலையாளிப் பழங்குடியினர். (பெயரைக் கேட்டுக் கேரளத்தவர் என்றெண்ணுவோர் இன்றும் உளர், இவர்கள் தமிழ் பேசும் மலைமக்கள்.) பணத்தை நீட்டினேன். மறுத்தார், மறுத்தது மட்டுமன்று, முகமும் சற்று வாடியது. விலை கொடுத்தால் விருந்து வணிகமாகிவிடுகிறது. கொடாவிட்டால் கடன் நிற்கிறது. அக்கடனை எதைக்கொண்டு தீர்ப்பது?

பாலாற்றின் கதை நாம் அறிந்ததே. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டுமென்று 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இப்பகுதித் தோல் ஆலைகள் பற்றிய வழக்கில் தீர்ப்பளித்தது. ஆறு கெட்ட பின்னரே ஈட்டைப் பற்றிய பேச்சு எழுந்தது. ஒருநாள் விருந்தினன்மீது யார் வழக்குத் தொடுப்பார்? அவன்தான் மாலையில் இறங்கிவிடுகிறானே!

அன்று இறங்கும் வழியில், பாறையிடுக்கில் கிடந்த நெகிழிப் புட்டி ஒன்றை எடுத்துப் பைக்குள் வைத்தேன். காலையில் ஏறும்போது நானே அங்கு விட்டுச் சென்றது அது.