இரைப்பை சிறுத்தால் துயரம் சிறுக்குமா?

பசித்தவனுக்குச் சோறிடுவது அறம் என்பதை மறுப்பார் எவருமிலர். ஆயின், பசி இல்லாத வேளையிலும் ஒருவனுடைய கை உணவை நாடிச் செல்லுமாயின், அவனுக்கு நாம் செய்யத்தக்க அறம் யாது? அவனைப் பெருந்தீனிக்காரன் என்று இகழ்வதா? கையைப் பிடித்துத் தடுப்பதா? அன்றி, அவனை உண்ணத் தூண்டும் வேறொரு பசி உண்டா என்று வினவுவதா? இக்கேள்வியை ஈண்டு ஆராய விரும்புகிறோம்.

நம்மவரிடையே இது சிறிய விஷயமன்று. மலேசியாவில் 2019ஆம் ஆண்டு நடைபெற்ற தேசிய சுகாதார ஆய்வின்படி, வயது வந்தோரில் 50.1 விழுக்காட்டினர் அளவுக்கு மிஞ்சிய எடையோ உடற்பருமனோ உடையவர்களாக இருந்தனர். நீரிழிவும் பருமனும் ஏனைய பெரிய இனத்தாரைவிட இந்தியரிடையே மிகுந்து காணப்பட்டன. ஒரு காலத்தில் செல்வர் வீட்டு நோய் என்று பேசப்பட்டது, இன்று தோட்டத்து வீட்டிலும் பட்டணத்து அடுக்குமாடியிலும் குடிபுகுந்திருக்கிறது.

பருமன் முற்றி, நீரிழிவும் மூட்டுவலியும் உறக்கத்தில் மூச்சடைப்பும் கண்டு, ஏனைய வழிகள் பயன்படாதபோது, மருத்துவர் எடைக்குறைப்பு அறுவைச் சிகிச்சையைப் பற்றிப் பேசுகின்றனர். 1966ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் என்னும் மருத்துவர், இரைப்பையின் பெரும்பகுதியை உணவு சேராதபடி ஒதுக்கிவிடும் முறையைத் தொடங்கினார். பின்னாளில், இரைப்பையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கை வெட்டியெடுத்து, எஞ்சியதை வாழைப்பழம் போன்ற குழாயாக விட்டுவிடும் முறை உலகெங்கும் பரவிற்று. பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் சுரப்பு இரைப்பையில் உண்டாகிறது என்பதை ஜப்பானிய ஆராய்ச்சியாளர் 1999ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அச்சுரப்பு மிகுதியாக உண்டாகும் பகுதியே இம்முறையில் அகற்றப்படுவதால், இடம் குறைவதோடு பசியும் குறைகிறது. தகுந்தவர்க்குத் தகுந்த இடத்தில் செய்யப்படின் இச்சிகிச்சை ஆயுளை நீட்டுவது உண்மை. அதனை நாம் குறைகூற வரவில்லை.

சிகிச்சை முடிந்தபின் உண்ணும் முறையே தலைகீழாக மாறுகிறது. முதலில் நீருணவு, பிறகு மசித்தது, பிறகு மென்மையானது, பல வாரங்கள் கழிந்த பின்னரே வழக்கமான உணவு. தட்டில் முட்டை, மீன், பருப்பு ஆகியவை முதலில், சோறு கடைசியில். ஒவ்வொரு வாயையும் நன்றாக மென்று விழுங்க வேண்டும். உண்ணும்போதே நீர் பருகலாகாது. விட்டமின்களையும் இரும்புச்சத்தையும் சுண்ணாம்புச்சத்தையும் மருத்துவர் சொற்படி வாழ்நாள் முழுதும் எடுத்துக்கொள்ள வேண்டும். இவையெல்லாம் இரைப்பைக்குரிய சட்டங்கள். இவற்றை எழுதிக் கையில் கொடுத்துவிடலாம். மனத்துக்குரிய சட்டத்தை எழுதிக் கொடுப்பார் யார்?

ஒரு சகோதரியை எண்ணிப் பார்ப்போம். தோட்டத்தில் பிறந்தவர், மணமாகிப் பட்டணத்துக்கு வந்தவர். கணவர் காலமாகிவிட்டார். பிள்ளைகள் வேலை தேடி வேற்றூர் சென்றனர். தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து, விடியற்காலையில் பூட்டிய வீட்டைத் திறந்து உள்ளே வருகிறார். வரவேற்க ஒருவருமில்லை. அலமாரியில் முறுக்கு டின் மட்டும் இருக்கிறது. கெட்டிப்பால் ஊற்றிய தேநீரோடு அதனைத் தின்னும்போது, சிறிது நேரம் வீட்டில் ஆள் இருப்பதுபோல் தோன்றுகிறது. பத்தாண்டுகள் இவ்வாறு கழிந்தன. உடல் பருத்தது, நோய் வந்தது, இரைப்பையும் வெட்டப்பட்டது. இப்போது நான்கு தேக்கரண்டிக் கஞ்சியில் வயிறு நிறைந்துவிடுகிறது. ஆனால் விடியற்காலை அதே விடியற்காலைதான். பூட்டிய வீடும் அதே வீடுதான்.

அவர் என்ன செய்வார்? ஒரு தட்டுச் சோறு இறங்காது. முறுக்கைத் தேநீரில் ஊறவைத்தால் இறங்கும். பனிக்கூழ் இறங்கும். இனிப்புப் பானமும் இறங்கும். மென்மையாகவும் இனிப்பாகவும் உள்ளவை சிறுத்த இரைப்பையில் தங்காமல் வழுக்கிச் சென்றுவிடுகின்றன. இரைப்பையை ஒதுக்கும் சிகிச்சை பெற்றோர் சிலருக்கு இனிப்பு விரைந்து குடலில் இறங்கி, வியர்வையும் படபடப்பும் மயக்கமும் உண்டாவதுண்டு. அத்துன்பத்தைக் கண்டும் ஆறுதலைத் தேடும் கை நிற்பதில்லை. எடை மெல்ல மெல்லத் திரும்பி வருகிறது. உடனே அக்கம்பக்கத்தார், “இவ்வளவு பணம் செலவழித்தும் வாயைக் கட்டத் தெரியவில்லையே!” என்கின்றனர். அச்சொல் கேட்டுத் தலைகுனிந்து வீட்டுக்குள் போகும் அவர், அத்தலைகுனிவுக்கும் ஆறுதலை அதே டின்னில்தான் தேடுகிறார்.

இது அவருடைய குற்றமா என்பதே நம் கேள்வி.

குற்றமே என்பார் ஒரு சாரார். உணவாசை என்பது அடக்கமின்மை. அடக்கமின்மை ஒழுக்கக்கேடு என்பது அவர்களுடைய வாதம். மற்றொரு சாரார், “இது நோய்; விதி; அவர் கையில் ஒன்றுமில்லை” என்பர். முதலாவது கூற்றில் இரக்கமில்லை. இரண்டாவது கூற்றில் இரக்கம் இருப்பதுபோல் தோன்றினும், மனிதனிடம் அறிவும் முயற்சியும் உண்டு என்னும் நம்பிக்கை இல்லை. சுயமரியாதையை நாடும் நாம் இவ்விரண்டையும் ஏற்பதற்கில்லை.

நாம் கூற விரும்புவது, குற்றம் வேறு, பொறுப்பு வேறு என்பதேயாம். துயரத்துக்கு மருந்தாகக் கையில் கிடைத்த ஒன்றே ஒன்றை ஒருவர் பற்றிக்கொண்டால் அது குற்றமன்று. வேறு ஆறுதல் அவருக்குக் கிடைத்திருந்தால் அதனைப் பற்றியிருப்பார். ஆயினும், “நான் உண்பது பசிக்கன்று, தனிமைக்கு” என்று அவர் அறிந்துகொண்ட நாள்முதல், அவ்வறிவுக்கேற்ப நடக்க முயலும் பொறுப்பு அவருக்கு உண்டு. கை டின்னை நோக்கிச் செல்லும் வேளையில், “இது எந்தப் பசி?” என்று தம்மையே ஒருமுறை கேட்டுக்கொள்ளலாம். விடை தெரியாவிடினும் கேள்வி பயன்தரும். மனநல ஆலோசகரை நாடுவது பைத்தியத்தின் அடையாளம் என்னும் மூடக்கொள்கையைக் கைவிட்டு, இரைப்பையைக் காட்டியதுபோல மனத்தையும் காட்டலாம். தவறிய நாளில் தம்மைத் தாமே ஏசாமல் மறுநாள் மீண்டும் தொடங்கலாம். இவை அவருடைய கடமைகள்.

திருக்குறளில் 95ஆவது அதிகாரத்துக்கு ‘மருந்து’ என்று பெயர். பெயர் மருந்தாயினும், அதில் பெரிதும் பேசப்படுவது அளவறிந்து உண்ணுதலே. வயிற்றை அறிந்து உண்பவனுக்கு அவ்வறிவுரை ஒன்றே போதும். துயரத்தை மறக்க உண்பவன் தன் வயிற்றோடு தன் துயரத்தையும் அறிய வேண்டியவனாகிறான். அவ்வறிவு தனியே இருந்து எளிதில் வருவதில்லை.

ஆதலின் நம்முடைய பொறுப்புக்கு வருவோம். நம் சமூகம் பட்டினியை அறிந்த சமூகம். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆண்ட காலத்தில் அரிசி அரிதாகி, மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று. சயாம் ரயில் பாதை வேலைக்குத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டோரில் பல்லாயிரவர் திரும்பவில்லை. பசியைக் கண்ட அத்தலைமுறைக்கு நிறைந்த தட்டே அன்பின் சான்றாக விளங்கியதில் வியப்பென்ன? “இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்” என்பதே தாயின் கொஞ்சுமொழி. வேண்டாம் என்றால் அன்பையே மறுத்ததாகும். அன்று அது பொருந்திற்று. இன்று சிகிச்சை பெற்றவர் விருந்துக்கு வந்து இரண்டு வாயோடு எழுந்தால், வீட்டார் முகம் வாடுகின்றனர், வற்புறுத்துகின்றனர், சிலர், “எங்கள் வீட்டுச் சாப்பாடு பிடிக்கவில்லையோ?” என்று குத்திப் பேசவும் செய்கின்றனர். அன்பு என்று எண்ணி நாம் செய்யும் வன்முறை இது.

மற்றொன்றும் நினைவுக்கு வருகிறது. 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு அவர்கள் கேட்டவற்றுள் கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் ஒன்று. நாளெல்லாம் உழைத்து நொந்தவனுக்குக் கள் ஒன்றே ஆறுதலாக வைக்கப்பட்டிருந்தது. கடையை மூடுவது நன்று. ஆனால் மூடிய கடைக்கு எதிரே படிப்பகத்தையும் பள்ளியையும் திறந்துவைத்தாலன்றி, அவன் வேறு கடையைத் தேடிச் செல்வான். அறுவைச் சிகிச்சையும் ஒருவகையில் கடையை மூடுவதே. உணவு என்னும் ஆறுதல் பறிபோனவர்களுள் சிலர் மதுவை நாடுகின்றனர். சிகிச்சைக்கு முந்திய ஆண்டைவிட, பிந்திய இரண்டாம் ஆண்டில் மதுப்பழக்கக் கோளாறு மிகுந்து காணப்பட்டதாக அமெரிக்க ஆராய்ச்சி ஒன்று 2012ஆம் ஆண்டில் வெளியிட்டது. இரைப்பையை ஒதுக்கும் சிகிச்சைக்குப் பின் மது விரைவாக இரத்தத்தில் ஏறுவதும் அதற்கொரு காரணமாகலாம். ஒருவரிடமிருந்த ஒரே ஆறுதலை எடுத்துக்கொண்டு, அவ்விடத்தை வெறுமையாக விட்டுவிடுவது அறமாகுமா?

“அவரவர் துயரத்துக்கு நாங்கள் என்ன செய்ய முடியும்?” என்று சிலர் கேட்கலாம். பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டுவதில்லை. விருந்துக்கு அழைத்தால் அளவாக உண்டு எழ விடுங்கள். எழுந்தபின் உடன் அமர்ந்து பேசுங்கள். பலகாரப் பெட்டியைக் கையில் கொடுத்து அனுப்புவதற்குப் பதிலாக, மாலையில் அழைத்துக்கொண்டு சிறிது தூரம் நடந்து வாருங்கள். மெலிந்தாரா, பருத்தாரா என்று பார்ப்பவரெல்லாம் கணக்குச் சொல்வதை நிறுத்துங்கள். வேற்றூரிலிருக்கும் பிள்ளைகள், தாய் இரவு வேலை முடித்து வீடு திரும்பும் நேரம் அறிந்து தொலைபேசியில் அழைக்கட்டும். முறுக்கு டின் நிரப்பிய இடத்தை நிரப்ப வல்லவை இவையே.

நம் நாட்டுத் தமிழர் ஒருவரையொருவர் காணும்போது, “பசியாறியாயிற்றா?” என்று கேட்பது வழக்கம். அழகிய வழக்கம், அதனை விடவேண்டாம். ஆனால் விடை கிடைத்தவுடன் நடந்துவிடாமல் சற்றே நின்று, “வீட்டில் எப்படி? மனம் எப்படியிருக்கிறது?” என்றும் கேட்போமாக. அச்சகோதரி திறக்கும் பூட்டிய வீட்டுக்கு முன்னால் ஒரு நாள் ஒருவராவது அவ்வாறு கேட்டு நிற்பாராயின், அன்று விடியற்காலை அவர் பசியாறியவர் ஆவார்.