அளவுகோல் யாருடையது?

மாத்தளை மாவட்டத்து வில்கமுவவில் மின்சாமான் விற்கும் கடையொன்றிலே வட்டக் கால்களுடைய 5 அம்பியர் பிளக், அதனினும் பருத்த 15 அம்பியர், நீள்சதுரக் கால்களுடைய 13 அம்பியர் என மூவகையும் காணலாம். ஒன்றை மற்றொன்றிற் பொருத்துவதற்கு அடப்டர் தனியே விலைக்குண்டு. 13 அம்பியர் வகையையே நாட்டின் ஒரே தரமாக்குவதென அரசு முடிவு செய்து சில ஆண்டுகளாகிவிட்டன. பழைய சுவர்களோ இன்னும் அம்முடிவைக் கேள்விப்படவில்லை. பொருந்தாமையின் செலவைச் சுமப்பவர் உற்பத்தியாளரல்லர், வாங்குபவரே. ஆதலின் பொதுத் தரம் வேண்டும் என்பதில் நமக்குள் தர்க்கமில்லை. அதை வகுக்கும் உரிமை யாருக்கு என்பதே வினா.

இவ்வினா இன்று சுவரை விட்டுக் காற்றுக்கு ஏறிவிட்டது. கம்பியின்றித் தம்முள் உரையாடும் விளக்கும் பூட்டும் வீட்டுக்குள் வந்துள்ளன. ஒரு கம்பெனியின் விளக்கு மற்றொரு கம்பெனியின் ஆளிக்குப் பணியாது என்ற நிலை நெடுநாள் இருந்தது. அதனினும் கேடான நிலையும் உண்டு. 'ரிவால்வ்' என்னும் வீட்டுக் கருவியின் கம்பெனியைக் கூகிளின் 'நெஸ்ட்' 2014இல் வாங்கியது. 2016 மே மாதத்தில் அதன் சேவையை நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கியோர் கையில் வெறும் பெட்டி மிஞ்சிற்று.

இச்சீர்கேட்டுக்கு மாற்றாக வந்ததே 'மேட்டர்' என்னும் தரம். 2002இல் 'சிக்பீ அலையன்ஸ்' என்ற கூட்டமைப்பு தோன்றியது. தேனீயின் நடனத்தை நினைந்து இட்ட பெயர் அது. 2019 டிசம்பரில் அமேசான், ஆப்பிள், கூகிள் ஆகியன அதனோடு கைகோத்தன. 2021இல் அது 'கனெக்டிவிட்டி ஸ்டாண்டர்ட்ஸ் அலையன்ஸ்' எனப் பெயர் மாறிற்று. 2022 அக்டோபரில் 'மேட்டர்' வெளியாயிற்று. இதன் நன்மையை மறைப்பது நேர்மையாகாது. இதன்படி அமைந்த கருவிகள் வெளி இணையத்தின் தயவின்றி வீட்டுக்குள்ளேயே இயங்கவல்லன. விதிநூலை எவரும் கேட்டுப் பெறலாம். அதற்கான மென்பொருளும் திறந்தே கிடக்கின்றது.

எனினும், விதி செய்யும் மன்றில் இருப்போர் யார்? சந்தா செலுத்தும் கம்பெனிகள். சந்தாவிற் படிகளுண்டு, மேற்படியில் இருப்போருக்கே ஆட்சிக் குழுவில் இடம். நம் நாட்டிலே 1964ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த தரநிர்ணய நிறுவனம் இருக்கின்றது. எந்த அலைவரிசையிற் பேசலாம் என்று அனுமதிக்கும் தொலைத்தொடர்பு ஆணைக்குழுவும் இருக்கின்றது. குறைந்த பட்சம் இவற்றை நோக்கிப் பாராளுமன்றத்திலே ஒருவர் கேள்வி எழுப்பலாம். அந்தக் கூட்டமைப்பிடம் வில்கமுவ வாசி எந்தக் கதவைத் தட்டுவது?

தனியார் எல்லாரும் உடன்பட்டதனால் மட்டும் ஒன்று பொதுவாகிவிடுமா? தஞ்சைத் தரணியிலே மிராசுதாரின் மரக்காலும் ஓர் அளவுகோல்தான். வாரம் அளக்கையில் பெரிய மரக்கால், கூலி அளக்கையிற் சிறியது. 1940களிற் கிளர்ந்தெழுந்த விவசாயிகள் அளவே வேண்டாம் என்றனரல்லர். முத்திரையிட்ட மரக்கால் வேண்டும் என்றனர். ஏழைக்குத் தரம் பகையன்று. மறுத்துரைக்கும் வாய்ப்பில்லாத் தரமே பகை. நம் அணியினருள் இயந்திரத்தையே வெறுக்கும் சிலர் இவ்வேறுபாட்டைக் காண்பதில்லை.

விதி செய்வோரின் வாழ்க்கை விதிக்குட் புகுவதைப் பட்டியலே காட்டும். 'மேட்டர்' முதற் பதிப்பில் விளக்கும் பூட்டும் தொலைக்காட்சியும் இடம் பெற்றன. 2023இல் பாத்திரம் கழுவும் இயந்திரமும் தரை கூட்டும் ரோபோவும் வந்தன. மண்ணின் ஈரம் அறியும் கருவிக்கு 2025 வரை காலம் பிடித்தது. அதுவும் வீட்டுத் தோட்டத்தை எண்ணியே. வீட்டுக்கான தரத்தில் வயலைத் தேடுவதா எனலாம். ஆனால் வஸ்கமுவ வனத்தை அடுத்து வாழும் கமக்காரனுக்கு வீடு எங்கே முடிகின்றது? யானை புகுந்தால் வயலோடு சுவரும் போகும். மின்வேலி இரவில் எவ்விடத்தில் அறுந்தது எனச் சொல்லும் கருவியே அவன் வீட்டின் முதற் பூட்டு. பட்டியலில் அதற்கெனத் தனி வகையில்லை.

திறந்து கிடக்கும் மென்பொருளை எடுத்து அத்தகைய கருவியொன்றை நம் பல்கலைக்கழக மாணவர் இன்றே செய்து பார்க்கலாம், தடுப்பார் எவருமில்லை. அதன் மேல் அத்தரத்தின் முத்திரையைப் பொறித்து விற்க விரும்பினால் மட்டும், முதலிற் கூட்டமைப்பில் உறுப்பினராகிச் சந்தா கட்டவேண்டும்.