எதற்காகப் பிறந்தது இந்தப் பை?

ஆண்டுதோறும் பங்குனியில் மண்டியா அரசுக் கருவூலத்திலிருந்து ஒரு பெட்டி புறப்படுகிறது. உள்ளே இருப்பது வைரமுடி, மேல்கோட்டைக் கோயிலின் உற்சவர் செல்வப்பிள்ளையின் கிரீடம். போலீஸ் காவலோடு போகும் அந்தப் பெட்டியை வழியிலுள்ள ஊர்க்காரர்கள் நிறுத்திப் பூச்சாத்திப் பூஜை செய்து அனுப்புகிறார்கள். கிரீடத்தின்மேல் பகல் வெளிச்சம் படக்கூடாது என்பது மரபு. அதனால் பெட்டியை யாரும் திறப்பதில்லை. இரவில் உற்சவர் கருடன்மேல் எழுந்தருளும்போதுதான் முடியைக் கண்ணால் பார்க்க முடியும். பகல் முழுக்கக் கும்பிடு வாங்கியது பெட்டி.

அந்தப் பெட்டிக்கு மரியாதை எங்கிருந்து வந்தது? அது எதனால் செய்யப்பட்டது, யார் செய்தார்கள், என்ன விலை என்று ஒருவரும் கேட்பதில்லை. எதற்காக இருக்கிறதோ அதனிடமிருந்து அது தன் பெருமையைப் பெறுகிறது. மைசூரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், மலைமேல் இருக்கும் மேல்கோட்டை என்ற இந்தச் சிற்றூரில் ராமானுஜர் பன்னிரண்டு ஆண்டுகள் தங்கியிருந்தார் என்பது வைணவ மரபு. ஒரு பொருள் இன்னொன்றுக்காக இருப்பது என்றால் என்ன என்று அவரளவுக்கு ஆழமாக யோசித்தவர்கள் குறைவு. அந்த யோசனையைக் கோயில் வாசலோடு நிறுத்திவிட வேண்டியதில்லை. கடைத்தெருவில் சில நூறு ரூபாய்க்கு வாங்கிய முதுகுப்பை ஒன்றைப் பிரித்துத் தைத்து வேறொன்றாக்கும் வேலைவரை அது வந்து துணை நிற்கும்.

வேலை இதுதான்: பள்ளிப்பிள்ளைகளின் புத்தகத்துக்காகத் தைத்த பையை டிஸ்க் கோல்ஃப் தட்டுகள் சுமக்கும் பையாக மாற்றுவது. டிஸ்க் கோல்ஃப் என்பது பந்துக்குப் பதில் பறக்கும் தட்டை வீசி, சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடையில் சேர்க்கும் விளையாட்டு. குறைந்த வீச்சில் கூடையை அடைந்தவர் வென்றவர். தொலைவுக்கு ஒரு வகைத் தட்டு, நடுத்தூரத்துக்கு ஒரு வகை, கூடைக்கு அருகிலிருந்து போட இன்னொரு வகை என்று ஆட்டக்காரர்கள் பத்துப் பதினைந்து தட்டுகளைச் சுமந்து நடப்பார்கள். அதற்கென்றே விற்கும் பைகளின் விலை, புதிதாக ஆடத் தொடங்குபவரைத் திகைக்க வைக்கும். அதனால் மலிவான முதுகுப்பையை மாற்றிக்கொள்ளும் பழக்கம் ஆட்டக்காரர்களிடையே நன்றாக வேரூன்றிவிட்டது.

மாற்றுவதற்கு முன் இரண்டு பொருள்களையும் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். போட்டித் தட்டின் விட்டம் 21 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது. அந்த அளவுள்ள தட்டு அதிகபட்சம் 174 கிராம் எடை இருக்கலாம். பதினைந்து தட்டுகள் என்றால் இரண்டரைக் கிலோவுக்கு மேல். தட்டு ஸ்டாண்டில் சாப்பாட்டுத் தட்டுகள் நிற்பதுபோல் அவை விளிம்பில் நின்றால்தான் வேண்டியதைப் பார்த்தவுடன் உருவ முடியும். புத்தகப்பையோ தட்டையானது. முதுகுப்புறத்திலிருந்து முன்புறம்வரை 22 சென்டிமீட்டர் ஆழம் இருக்கிறதா என்று முதலில் அளந்து பார்க்க வேண்டும். அடித்துணி தளர்ந்தது. எடை ஏறியதும் தொங்கிவிடும். அதனால் கெட்டியான பிளாஸ்டிக் அட்டையை வளைத்து, அடியையும் இரு பக்கங்களையும் தாங்கும் தொட்டியாக உள்ளே பொருத்துகிறார்கள். அதன்மேல் இன்னொரு அட்டையைப் பலகையாக வைத்தால் பை இரண்டு அடுக்காகிவிடும். கீழே தட்டுகள், மேலே தண்ணீர் பாட்டில், துண்டு, மழைச்சட்டை.

அடுத்தது கத்தரிக்கோல். மேல்வாய் வழியாகக் கீழடுக்குத் தட்டுகளை எடுக்க முடியாது. முன்பக்கத் துணியைக் குறுக்கே வெட்டி, அந்த வெட்டுவாயில் புது ஜிப் வைத்துத் தைக்க வேண்டும். வெட்டிய நைலான் விளிம்பு நூல் நூலாகப் பிரியும். பை தைப்பவர்கள் அதைத் தீயில் லேசாகக் காட்டி உருக்கி அடக்கிவிட்டு, மேலே நாடா வைத்து அடிப்பார்கள். ஜிப்பின் ரன்னர் சிக்காமல் ஓட வேண்டுமானால் தையல் பல்லிலிருந்து சற்று விலகியே போக வேண்டும். கடைசியாகத் தோள்வார். புத்தகச் சுமைக்குப் போட்ட ஒற்றைத் தையல், ஏறி இறங்கி நடக்கும் ஆட்டக்காரரின் முதுகில் அதிக நாள் தாங்காது. வார் பையோடு சேரும் இடத்தில் சதுரமாகவும் அதற்குள் குறுக்காகவும் மறுதையல் போட்டால் நிற்கும்.

இவ்வளவும் முடிந்தபின் கையில் இருப்பது எது? புத்தகப்பைதானா? தட்டுப்பையா? துணி பழைய துணி. பெரும்பாலான தையல் பழைய தையல். தயாரித்தவர் அதற்கு வைத்திருந்த நோக்கம் மட்டும் போய்விட்டது.

இந்தக் கேள்வி இந்தியச் சிந்தனைக்குப் பழகிய கேள்வி. வேள்வியில் எது எதற்கு உறுப்பு என்று விடாமல் ஆராய்ந்த மீமாம்சகர்கள், பிறிதொன்றின் பொருட்டு இருப்பதைச் சேஷம் என்றார்கள். காட்டில் நின்ற மரம், வெட்டிச் செதுக்கிச் சடங்குகள் செய்தபின் வேள்வித்தூணான யூபத்தம்பமாகிறது. அந்தச் சடங்குகளுக்கு முன் உலகில் எங்கும் யூபம் என்று ஒன்று கிடையாது. ராமானுஜர் இந்தச் சொல்லை வேள்விச்சாலைக்கு வெளியே கொண்டுவந்தார். தன்னைக் கொண்டு இன்னொன்றுக்கு மேன்மை சேர வேண்டும் என்ற விருப்பத்தோடு ஏற்கப்படுவதே எதனுடைய இயல்போ அது சேஷம், அந்த இன்னொன்று சேஷி என்று வேதார்த்த சங்கிரகத்தில் வரையறுத்தார். உயிரும் உலகும் இறைவனுக்குச் சேஷம். அந்த உறவு பிரிக்க முடியாதது.

பைக்கும் தட்டுக்கும் உள்ள உறவு அப்படிப்பட்டதா? நிச்சயமாக இல்லை. நேற்றுப் புத்தகத்துக்கு இருந்தது, இன்று தட்டுக்கு இருக்கிறது, நாளை காய்கறிக்கு இருக்கும். இங்கேதான் ராமானுஜரின் பார்வை ஒரு விடுதலையைத் தருகிறது. ஒரு பொருளின் கடைசி நோக்கம் தொழிற்சாலை ஒட்டிய சீட்டில் இல்லை என்று ஒப்புக்கொண்டால், அதன் இடைக்கால நோக்கங்களைத் தயங்காமல் மாற்றலாம். பை அதனால் தாழ்ந்துபோவதில்லை. பிறர்க்கு உதவும் இயல்பு அப்படியே நிற்கிறது. உதவும் இடம்தான் மாறுகிறது. 'ஒரிஜினல்' பை ஒன்றே உயர்ந்தது என்ற எண்ணத்துக்கு இந்தத் தத்துவத்தில் இடமில்லை.

மேல்கோட்டையே இதற்குச் சாட்சி சொல்லும் ஊர். ராமானுஜரிடம் நெற்றிக்கு இடும் திருமண் தீர்ந்துபோனபோது இந்த மலையில் வெள்ளை மண் கிடைத்தது என்பது தலவரலாறு. தரையில் கிடக்கும்வரை மண், நெற்றிக்கு ஏறியதும் திருமண். அதைவிட வியப்பானது உற்சவர் கதை. படையெடுப்பில் பறிபோன செல்வப்பிள்ளை விக்கிரகம் டில்லி சுல்தானின் அரண்மனையில் அவன் மகளுக்கு விளையாட்டுப் பொம்மையாக இருந்ததாம். ராமானுஜர் அங்கே போய் வாஞ்சையோடு அழைக்க, அது நடந்து வந்து மடியில் ஏறியதாம். டில்லி சுல்தானகம் தொடங்கியது 1206இல். ராமானுஜர் பரமபதித்ததாக மரபு சொல்லும் ஆண்டு 1137. வரலாறாக இது பொருந்தாது. ஆனால் ஒரு சமூகம் எதைப் பொறுத்துக்கொள்கிறது, எதைப் போற்றுகிறது என்பதற்குக் கதையைவிட நல்ல சான்று கிடைக்காது. தெய்வத்தைப் பொம்மையாக்கி விளையாடியவளை இந்த மரபு பழிக்கவில்லை. பிரிவு தாளாமல் பின்தொடர்ந்து வந்த அவளைப் பீபி நாச்சியாராக்கி, பெருமாள் திருவடியிலேயே இடம் கொடுத்தது. அவள் அன்போடு வைத்திருந்த காலத்தில் விக்கிரகத்தின் புனிதம் குறைந்துவிட்டதாக யாரும் சொல்லவில்லை.

விளையாட்டுப் பையைப் பற்றி இவ்வளவு கனமாகப் பேசலாமா என்று கேட்பவருக்கும் ராமானுஜரிடம் பதில் இருக்கிறது. குறையே இல்லாத இறைவன் எதற்காக உலகைப் படைத்தான் என்ற கேள்விக்குப் பிரம்மசூத்திரம் சொல்லும் விடை, லீலை. அதற்கு ராமானுஜரின் உரையான ஸ்ரீபாஷ்யம் காட்டும் உதாரணம், ஏழு தீவுகளை ஆளும் பேரரசன் வேறு எந்தப் பயனையும் நாடாமல் பந்து விளையாடுவது. படைப்பை விளக்கவே ஓர் ஆட்டம் பயன்படுமென்றால், ஆட்டத்துக்கான பையும் யோசிக்கத் தகுந்ததுதான்.

அந்தத் தட்டின் வரலாறும் ஒன்று வேறொன்றான கதைதான். அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட்டில் 1871இல் வில்லியம் ரஸ்ஸல் ஃபிரிஸ்பி தொடங்கிய பேக்கரியின் தகரத் தட்டுகளை, பண்டம் தீர்ந்தபின் மாணவர்கள் வீசி விளையாடினார்கள். கலிபோர்னியாவில் ஃபிரெட் மாரிசன் பாப்கார்ன் டின் மூடியில் தொடங்கி, பிறகு 5 சென்ட் கேக் தட்டைக் கடற்கரையில் 25 சென்டுக்கு விற்றார். பின்னாளில் அவர் செய்த பிளாஸ்டிக் தட்டை 1957இல் வாம்-ஓ நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. சமையலறைத் தட்டு சேஷி மாறி விளையாட்டுத் தட்டானது இப்படித்தான். 1975இல் ஓக் குரோவ் பூங்காவில் டிஸ்க் கோல்ஃபுக்கென முதல் நிலையான மைதானத்தை அமைத்த எட் ஹெட்ரிக், சங்கிலிக் கூடையையும் உருவாக்கியவர். 2002இல் அவர் இறந்தபின், அவர் விருப்பப்படியே அஸ்திச் சாம்பலைக் கலந்து நினைவுத் தட்டுகள் வார்த்தார்கள். தம் உடலின் மிச்சத்தையும் தாம் நேசித்த ஒன்றுக்குக் கொடுத்துவிட்டார் அந்த மனிதர்.

இங்கே ஒரு முக்கியமான எல்லைக்கோடு வருகிறது. பையின் நோக்கத்தை நாம் மாற்றலாம். மனிதரின் நோக்கத்தை? ஹெட்ரிக் தாமே விரும்பிக் கொடுத்தார். ஒருவர் இன்னொருவருக்காகவே பிறந்தவர் என்று மூன்றாமவர் முடிவுசெய்வது கொடுமை. பிறருக்கு அடங்கியிருப்பதெல்லாம் துன்பம் என்று தர்மசாஸ்திரமே சொல்கிறதே, அப்படியிருக்கச் சேஷமாக இருப்பது எப்படி இன்பமாகும் என்ற ஆட்சேபத்தை ராமானுஜரே எடுத்துப் பேசுகிறார். உடலையே தான் என்று எண்ணுபவனுக்குத்தான் அது துன்பம், ஆன்மாவின் உண்மை இயல்பை அறிந்தவனுக்கு இறைத்தொண்டு ஆனந்தம் என்பது அவர் விடை. எல்லா உயிரும் சமமாக ஒரே சேஷிக்கு உரியவை. பிறப்பால் ஒரு மனிதன் இன்னொருவனுக்குச் சேஷம் என்று சொல்ல இந்த வரையறையில் இடமே இல்லை.

ஆனால் ஊர் அப்படி நடந்துகொண்டதா? தீண்டாமைக்கு ஆளான மக்களை ராமானுஜர் திருக்குலத்தார் என்று பெயரிட்டு மேல்கோட்டைக் கோயிலுக்குள் அழைத்தார் என்பது இந்தத் தலத்தின் பெருமை. அந்த உரிமை நெடுங்காலம் ஆண்டில் மூன்று நாளுக்குள் அடங்கிக் கிடந்தது என்பது இதே தலத்தின் வேதனை. தொண்டு உயர்ந்தது என்று பாடியவர்களே, சில மனிதரைத் தொண்டுக்கென்று ஒதுக்கி வாசலுக்கு வெளியே நிறுத்தினார்கள். பொருளுக்குப் பொருந்தும் தர்க்கத்தை மனிதர்மேல் போட்டதால் வந்த வினை அது. சேஷத்தின் வரையறையில் விருப்பம் என்ற சொல் நிற்பதை மறந்துவிட்டு அதைப் படிக்கவே கூடாது.

பொருள்களிடம் திரும்பினால் நமக்கொரு கடமை மிஞ்சுகிறது. பயன் முடிந்த பொருளை என்ன செய்வது? சோமயாகத்தில் தீட்சை பெற்றவர் உடம்பைச் சொறிந்துகொள்ளக் கருமானின் கொம்பு ஒன்றை வைத்திருப்பார். வேலை முடிந்ததும் அதை இன்ன குழியில் இட வேண்டும் என்று வேதம் விதித்தது. பயன்பட்ட பொருளைத் தகுந்த இடத்தில் சேர்க்கும் செயலுக்குப் பிரதிபத்தி என்று மீமாம்சகர்கள் பெயரே வைத்திருந்தார்கள். பௌத்த விநய நூலில் உதேன மன்னன் புத்தரின் சீடர் ஆனந்தரிடம், இத்தனை துவராடைகளை வாங்கி என்ன செய்வீர்கள் என்று கேட்கிறான். கிழிந்த ஆடை உடுத்திய பிக்குகளுக்குக் கொடுப்போம் என்கிறார். பழைய ஆடை? விரிப்பாகும். பழைய விரிப்பு? மெத்தை உறையாகும். அது தரைவிரிப்பாகி, கால்துடைப்பாகி, தூசி தட்டும் துணியாகி, கடைசியில் நார்நாராகி மண்ணோடு பிசைந்து தரை மெழுக உதவும். கேள்வி கேட்டு மடக்க வந்த மன்னன் இன்னும் ஆடைகள் கொடுத்துவிட்டுப் போனான்.

பருத்திக்கு அந்த வரிசை கடைசிவரை நீளும். மேல்கோட்டையில் சுரேந்திர கௌலகி உருவாக்கிய ஜனபத சேவா டிரஸ்டின் தறிகளில் நெய்யும் கதர்த்துணி கிழிந்தாலும் மண்ணோடு சேர்ந்துவிடும். பாலியஸ்டர் பை சேராது. ஆனந்தர் சொன்ன படிகளில் பலவற்றில் அது இறங்கலாம். புத்தகப்பை தட்டுப்பையாகலாம், தட்டுப்பை காய்கறிப்பையாகலாம், காய்கறிப்பை ஸ்கூட்டருக்கு உறையாகலாம். அதற்குமேல் மண்ணோடு பிசைந்து தரை மெழுக வழியில்லை. அடுத்த பையைக் கடையில் கையிலெடுத்துப் பார்ப்பவர் ஜிப்பையும் வாரையும் இழுத்துப் பார்க்கும் நேரத்திலேயே, இது கிழிந்தால் எதுவாகும் என்பதையும் யோசித்துவிட வேண்டும். வீட்டில் ஏற்கெனவே தொங்கும் பையை அளந்து பார்க்க ஒரு டேப் போதும். தட்டுக்குத் தேவை 22 சென்டிமீட்டர் ஆழம்.