மலைமேல் விளக்கு

திருவண்ணாமலையில் 2,668 அடி உயர மலைமீது, கார்த்திகைத் திங்களில் கொப்பரையில் நெய்யூற்றித் திரி கொளுத்துகின்றனர். கொளுத்துவோர் மனிதரே, எவரும் அதை மறைப்பதில்லை. அதைத் தொழ நாம் செல்வதில்லை. எனினும் அவ்விளக்கு ஓர் உண்மையை உணர்த்துகிறது: உயரத்தில் ஏற்றிய விளக்கு எரிந்தாலும் ஊரறியும்; அணைந்தாலும் ஊரறியும்!

விளம்பரமும் அத்தகையதே. பதஞ்சலி நிறுவனத்தைப் பாருங்கள்! யோகமும் காவியும் அதன் பெயரை வீடுதோறும் கொண்டு சேர்த்தன. தீரா நோயும் தீரும் என்றன அதன் விளம்பரங்கள். மாய மருத்துவ விளம்பரத்தைத் தடுக்க 1954லேயே சட்டம் வந்துவிட்டதே! 2022இல் இந்திய மருத்துவச் சங்கம் உச்சநீதிமன்றம் சென்றது. 2023 நவம்பரில் நிறுவனம் வாக்குறுதி தந்தது; காக்கவில்லை. 2024 ஏப்ரலில் நாளேடுகளில் மன்னிப்பு கேட்டது. மன்னிப்பும் பழைய விளம்பரங்களின் அளவுக்குப் பெரியதுதானா என்று நீதிமன்றம் வினவியது!

அப்பெயரைக் கெடுத்தது எது? பகைவர் ஏச்சா? அன்று, அதன் சொந்த விளம்பரமே!

தோழர்களே, சிரித்துவிட்டுப் போகலாமா? சுவரெழுத்தும் மேடை முழக்கமும் நம் விளம்பரங்கள் அல்லவா? கைதட்டலுக்காகச் சான்றில்லாக் கணக்கொன்றை நாம் வீசினால், நாளை அது பொய்யென்று தெரியும்போது வீழ்வது பேச்சாளர் மட்டுமா? அவர் சொன்ன நூறு மெய்களும் ஐயத்துக்குள்ளாகுமே! நம்பச் சொல்வோர்க்குப் பொய் ஒரு முதலாகலாம். ஆராயச் சொல்லும் நமக்கோ அது நஞ்சு. சரக்கைச் சரிபார்ப்போம், பிறகு முரசறைவோம்!