கொல்வதற்கு முன் காணும் கண்



ஓர் உயிரைக் கொல்லுதல் தீது என்பதை நாம் அறிவோம். கொல்லும் எண்ணத்தோடு அதனை மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பதை என்னென்று சொல்வது? பார்ப்பதும் குற்றமாகுமா? இவ்வினாவை என் உள்ளத்தில் எழுப்பியது, அமெரிக்க நாட்டு வேட்டையாளர் கையாளும் ஒரு சிறு கருவி.

அந்நாட்டுக் காடுகளிலும் வயலோரங்களிலும் வெண்வால் மான் என்றோர் இனம் வாழ்கிறது. அச்சமுற்று ஓடும்போது வாலை நிமிர்த்தும். அடிப்புறத்து வெண்மை கொடிபோல் தெரியும். ஆண்மானின் கொம்பு ஆண்டுதோறும் குளிர்காலத்தில் உதிர்ந்து, வசந்தத்தில் மீண்டும் முளைத்து, கோடை முழுவதும் மென்தோல் போர்த்து வளர்ந்து, செப்டம்பர் வாக்கில் தோலுரிந்து முற்றும். வேட்டைக்காலமோ இலையுதிர்காலத்தில் வருவது. ஆகவே கோடையிலேயே வேட்டையாளர் மான் நடக்கும் தடத்தருகே மரத்தில் ஒரு கேமராப் பெட்டியைக் கட்டிவிடுகின்றனர். வெம்மையுடைய உடல் அதன் முன் அசைந்தால் அது தானே படமெடுக்கும். இருளிலும் அகச்சிவப்பு ஒளியால் எடுக்கும். சில பெட்டிகள் உடனுக்குடன் படத்தைக் கைப்பேசிக்கு அனுப்பிவிடும். எந்த ஆண்மான் எவ்வழியே எவ்வேளையில் வருகிறது, அதன் கொம்பில் கிளைகள் எத்தனை என்பதெல்லாம் கணக்கில் ஏறிவிடுகின்றன. சிலர் தாம் தேர்ந்த மானுக்குப் பெயரும் சூட்டுகின்றனர். ஆலையில் தறியருகே நின்ற காலத்தில், நான் அறியாமல் என்னைக் கணக்கெடுத்த கண் ஒன்று உண்டு. அது என் கூலியைத்தான் குறைத்தது.

வேட்டையாளர் பக்கமும் நியாயம் உண்டு. அதை மறைத்தல் நேர்மையன்று. 1900ஆம் ஆண்டையொட்டி 5 லட்சமாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்திருந்த இம்மான்கள் இன்று சுமார் 3 கோடி எனக் கணக்கிடுகின்றனர். அவற்றைத் தின்ற ஓநாய்களை மனிதரே பெரும்பாலான இடங்களில் ஒழித்துவிட்டனர். மான்கள் பயிரை மேய்கின்றன. காட்டின் இளமரக் கன்றுகளைத் தின்கின்றன. சாலையில் வண்டிகளில் மோதி மடிகின்றன. முன்னரே பார்த்துவைத்தவன் இளையதை விட்டு முதிர்ந்ததைத் தேர்ந்து சுடுவான், கண்டதையெல்லாம் சுடான் என்பதும் அவர்கள் வாதம்.

ஆயினும் அவர்களுக்குள்ளேயே மனக்குறை இருக்கிறது. தியடோர் ரூஸ்வெல்ட் 1887இல் நிறுவிய பூன் அண்டு கிராக்கெட் கழகம், விலங்குக்குத் தப்பிச்செல்ல வாய்ப்பு இருத்தல் வேண்டும் என்பதை வேட்டையின் அறமாகக் கொண்டது. அரிசோனா மாநிலம் 2022 ஜனவரி முதல் வேட்டைக்கு இக்கருவியின் துணையைத் தடை செய்தது. நெவாடாவும் யூட்டாவும் வேட்டை மாதங்களுக்குக் கட்டுப்பாடு விதித்தன. வறண்ட அந்நிலங்களில், விலங்குகள் வந்தே தீரவேண்டிய நீர்நிலைகளில் பெட்டிகள் மொய்த்தமை ஒரு காரணம்.

நல்ல சட்டங்களே. ஆனால் 'வாய்ப்பு' என்பது ஆட்டக்காரர் தமக்குள் வகுத்துக்கொண்ட விதி. மான் அந்த ஆட்டத்தில் சேர ஒப்பவில்லையே!

உயிர்க்கொலைக்கு நம் உரையாசிரியர்கள் ஐந்து உறுப்புகள் கூறுவர்: உயிர் ஒன்று இருத்தல், அஃது உயிரென்று அறிதல், கொல்லும் எண்ணம், முயற்சி, அதனால் இறப்பு. மரத்தில் கட்டிய பெட்டி இறப்பை உண்டாக்கவில்லை. ஆனால் அறிதலும் எண்ணமும் முயற்சியும் அங்கேயே தொடங்கிவிட்டன. முயற்சி பெருகினால் வினையும் கனக்கும் என்பது அவர்கள் கொள்கை. திடீரென எதிர்ப்பட்ட மானைச் சுட்டவன் ஒரு கணத்தில் தவறினான் என்னலாம். இவனோ நாள்தோறும் படத்தைப் பார்க்கிறான். மென்தோல் உரிவதையும் கழுத்துப் பருப்பதையும் காண்கிறான். ஒவ்வொரு நாளும் அவ்வெண்ணத்தைக் கீழே வைக்கலாம், வைக்காமல் புதுப்பித்துக்கொள்கிறான். நன்கு அறிந்தால் இரக்கம் தானே பிறக்கும் என்று நான் நெடுநாள் நம்பியிருந்தேன். அந்நம்பிக்கை இங்கே தளர்கிறது.

இக்கருவியின் மூலத்தைத் தேடினால் ஒரு வியப்பு உண்டு. ஜார்ஜ் ஷைராஸ் என்பார் முதலில் வேட்டைக்காரர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், மிச்சிகன் மாநிலத்தின் ஏரிக்கரைகளில், மான் செல்லும் தடத்தின் குறுக்கே கயிறு கட்டி, அதனைக் கேமராவோடும் ஒளி வெடிக்கும் மருந்தோடும் இணைத்தார். மானின் கால் கயிற்றில் பட்டதும் படம் பதிந்தது. துப்பாக்கியைப் படிப்படியாக விட்டு, கேமராவையே தம் வேட்டைக் கருவியாகக் கொண்டார். 1906 ஜூலையில் நேஷனல் ஜியாகிரபிக் இதழ் அவருடைய படங்கள் எழுபதுக்கு மேற்பட்டவற்றை வெளியிட்டது. அவர் கட்டியதும் மான் வரும் வழியில்தான். அவர் காத்திருந்ததும் அதே இருளில்தான். திடீர் ஒளியில் வெருண்டு தாவிய மான், படம் பதிந்தபின் காட்டுக்குள் போயிற்று.