தண்ணீர் வேண்டாமென்று ஒரு மனு

தண்ணீரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் தமிழில் எல்லோரும் முதலில் வான்சிறப்புக்குப் போய்விடுகிறார்கள். நானும் போனேன். பத்துக் குறள்களிலும் பேச்சு ஒன்றுதான்: மழை பெய்தால், பெய்யாவிட்டால். பெய்து வந்த நீர் கெட்டுப்போகும் என்ற யோசனை அங்கே இல்லை. (குறையாகச் சொல்லவில்லை. அது சாயப்பட்டறை இல்லாத காலம்.) அதிகாரத்தின் கடைசிக் குறளில் 'ஒழுக்கு' என்றொரு சொல் வருகிறது. நீரோட்டம் என்றும் மனித நடத்தை என்றும் அதற்கு இரண்டு விதமாகப் பொருள் கொண்டிருக்கிறார்கள். பரிமேலழகர் நீரோட்டத்தின் பக்கம். புத்தகத்தை வைத்துக்கொண்டு படிக்கிறபோது நானும் அவர் பக்கம்தான். நொய்யல் கரையில் நின்று யோசிக்கிறபோது இரண்டையும் பிரிக்க முடிவதில்லை.

1990களின் பிற்பகுதி. ஊருக்குப் போயிருந்தேன். தாய்மாமன் ஒரு முழுத்தாளை என் முன்னால் வைத்தார். குடும்பத்தில் ஆபீஸ் உத்தியோகம் பார்க்கிறவன் நான் என்பதால் மனுக்கள் எழுதுவது என் பொறுப்பு.

"தண்ணி உடச்சொல்லி எங்கப்பன் போட்ட மனுவெல்லாம் பொட்டியில கெடக்குது கண்ணு. உடாதீங்கன்னு எப்படி எழுதறதுன்னுதான் தெரீல" என்றார்.

நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் 1992இல் அணை கட்டி முடித்தார்கள். பாசனத்துக்கென்று கட்டிய அணை. மேலே திருப்பூரில் பனியன் தொழில் பெருகிய வருஷங்கள் அவை. அணையில் சேர்ந்தது ஆற்று நீரைவிடச் சாயக்கழிவு என்று சொல்வதே சரி. மதகைத் திறந்தால் கீழே வயல் கெடும், கிணறு கெடும். ஆகவே அணைக்குக் கீழே இருந்த விவசாயிகள், தங்களுக்காகவே கட்டப்பட்ட அணையிலிருந்து தங்களுக்குத் தண்ணீர் விட வேண்டாம் என்று கேட்டார்கள். நீதிமன்றம் வரைக்கும் போனார்கள்.

நான் எழுதினேன். கை பழக்கதோஷத்தில் 'தண்ணீர் விடுமாறு' என்று போய்விட்டது. அடித்து 'விடாதிருக்குமாறு' என்று மாற்றினேன். 'பணிவன்புடன்' அப்படியே இருந்தது. நம் மனு பாஷை முழுவதும் கேட்பதற்காக ஏற்பட்டது. மறுப்பதற்கு அதில் வார்த்தை இல்லை. அன்றைக்கு இது எனக்கு ஒரு பாஷைச் சிக்கலாகத்தான் பட்டது. அதில் வேறொன்றும் இருந்தது எனக்கு உறைக்க வருஷங்கள் ஆயின.

அதற்கு முன் உப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லோரும் சாயத்தைத்தான் பேசுகிறார்கள். ஆறு சிவப்பாக ஓடியது, நீலமாக ஓடியது என்கிறார்கள். கண் கண்டதைத்தான் வாய் பேசும். ஆனால் நிலத்தைக் கொன்றதில் பெரும் பங்கு உப்புக்கு. பருத்தி நூல் சாயத்தைத் தானாக ஏற்காது. தண்ணீரில் நூலுக்கும் சாயத்துக்கும் ஒரே ஜாதி மின்னூட்டம், ஒன்றையொன்று தள்ளும். உப்பு நடுவில் புகுந்து அந்த விலக்கத்தைத் தணிக்கிறது. மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசி முடிக்கும் தரகனைப் போல. பேரம் முடிந்தபின் அதற்குத் துணியில் இடமில்லை. போட்ட உப்பு முழுக்கத் தண்ணீரோடு வெளியே போகிறது. அடர்ந்த நிறமென்றால் லிட்டருக்கு 50 கிராமுக்கு மேலும் போடுவார்கள். கடல் நீரில் இருப்பது சுமார் 35 கிராம்.

சாயத்தைப் பிரித்தெடுப்பது அவ்வளவு கஷ்டமில்லை. சுண்ணாம்பும் படிகார வகை உப்புகளும் போட்டு வண்டலாக இறக்கிவிடலாம். மேலே நிற்கும் தண்ணீர் தெளிந்திருக்கும். உப்பு அத்தனையும் அதில் இருக்கும். முதலில் வந்த சுத்திகரிப்பு பெரும்பாலும் இந்த மாதிரிதான். நிறம் ஆற்றின் புகார். சுத்திகரித்தவர்கள் புகாரை நீக்கினார்கள். தெளிவு என்பதை நாம் அறிவுக்கும் நல்ல நடத்தைக்கும் உவமையாக வைத்திருக்கிறோம். மாமா வீட்டில் தெளிந்த தண்ணீரில் பருப்பு வேகவில்லை, சோப்பு நுரைக்கவில்லை. கண்ணை நம்புவதை அத்தை முதலில் நிறுத்தினார். ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் குடத்தை வைப்பார்.

தீங்கு செய்கிறவனும் அதை அனுபவிக்கிறவனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை, ஆறு அவர்களைப் பிரித்துவிடுகிறது, அதனால்தான் இது நடக்கிறது என்று ஒரு சித்தாந்தம் வைத்திருந்தேன். நம் அறம் அடுத்த வீட்டுக்காரனோடு பழகி உருவானது; அறுபது மைலுக்கு அப்பால் அதற்குக் கண் தெரியாது. நண்பர்களிடம் இதைச் சொல்லி மெச்சிக்கொள்ளப்பட்டதும் உண்டு.

என் அக்கா மகன் திருப்பூரில் சாயப்பட்டறையில் வேலை செய்தான். குடும்ப விசேஷம் ஒன்றில் அவனும் மாமாவும் ஒரே பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மாமா கேட்டார்: "ஏப்பா, இந்த வாரம் என்ன கலரு ஓடுது?" அவன் இலையைப் பார்த்துக்கொண்டே, "நேவி ப்ளூங்க தாத்தா" என்றான். இரண்டு பேரும் சிரித்தார்கள். அவன் தன் டம்ளரில் இருந்த கேன் தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தான். முகம் பார்த்தாயிற்று. ஒன்றும் மாறவில்லை. சனிக்கிழமை சம்பளத்தில்தான் அக்கா வீடு ஓடியது. நானும் அன்றைக்குப் போட்டிருந்தது திருப்பூர் பனியன். என் சித்தாந்தம் அந்தப் பந்தியோடு தீர்ந்தது.

மனுவுக்கு வருகிறேன். விடாதிருக்குமாறு கேட்டேன் அல்லவா, விடாவிட்டால் அது எங்கே இருக்கும்? அணையில் இருக்கும். அணையைச் சுற்றியும் ஊர்கள் உண்டு. தேங்கியது மண்ணுக்குள் இறங்கி அந்த ஊர்க் கிணறுகளுக்குள் போயிற்று. நான் நிறுத்தக் கேட்கவில்லை. அங்கேயே வைத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டேன். எங்கள் வயலில் வேண்டாம், அவர்கள் கிணற்றில் இருக்கட்டும். பட்டறைக்காரர்கள் வாய்க்காலைத் திறந்துவிட்டுச் சொன்னதும் இந்த வாக்கியம்தான். அவர்கள் வாயால் சொல்லவில்லை. நான் கையெழுத்துக்குக் கீழே தேதி போட்டு எழுதிக் கொடுத்தேன். மாமாவுக்கு அந்த மனு நியாயமானது என்பதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகமில்லை. அவர் வயல் அவருடையது. அதே நியாயம் எழுதிக் கொடுத்த எனக்கும் சேருமா என்பதுதான் தெரியவில்லை.

2011 ஜனவரி கடைசியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகள். கழிவு ஒரு சொட்டும் வெளியே வரக்கூடாது, அதுவரை திறக்கக்கூடாது என்று உத்தரவு. ஊரில் வெடி வைத்தார்கள். அக்கா ஃபோனில் அழுதாள். அந்த வாரம் நான் இருவரிடமும் பேசினேன். இருவரிடமும் "ஆமாம்" என்றுதான் சொன்னேன். மாமாவோ அதற்கு இரண்டு வருஷம் முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டார்.

பிறகு ஒவ்வொன்றாகத் திறந்தன. இப்போது கழிவுநீரை சவ்வுகளின் வழியே அழுத்தி வடிக்கிறார்கள், மிஞ்சியதைக் காய்ச்சி வற்றவைக்கிறார்கள். தண்ணீர் பட்டறைக்கே திரும்புகிறது. உப்பிலும் பெரும்பகுதி திரும்புகிறது. அக்கா மகன் இப்போது அப்படியொரு நிலையத்தில் வேலை செய்கிறான். போன மாதம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான். எல்லா உப்பையும் பிரித்தெடுக்க முடிவதில்லை. கலந்துபோய் எதற்கும் உதவாத உப்பு கொஞ்சம் மிஞ்சும். அதை மூட்டை கட்டிக் கொட்டகைக்குள் அடுக்கியிருந்தார்கள். கூரை உயரத்துக்கு நின்றது.

"இதை எங்க மாமா கொண்டுபோயி வெக்கறது?" என்றான்.

வெளியே மூட்டம் போட்டிருந்தது. இரண்டு ஆட்கள் ஓடிவந்து, கொட்டகைக்குள் இடம் போதாமல் வாசலில் கிடந்த மூட்டைகள்மேல் தார்ப்பாயை இழுத்து மூடி நான்கு முனையிலும் கல் வைத்தார்கள்.