மதிலோரத் தடம்

ஆடி அமாவாசை அன்று கீரிமலைக் கேணியடியில் கால் வைக்க இடம் கிடையாது. தகப்பனை இழந்தவர்கள் கடலில் முழுகி, பிதிர்க்கடன் கழித்து, கேணியின் நன்னீரில் உப்புப் போகக் குளித்து, நகுலேஸ்வரரைக் கும்பிட்டுத் திரும்புவார்கள். இறந்துபோன தகப்பனுக்கு என்ன செய்ய வேண்டும் என்பதில் யாழ்ப்பாணத்தவருக்குக் குழப்பமில்லை. எள்ளும் தண்ணீரும் பிண்டமும் விரதமும் முன்னோர் வகுத்து வைத்தவை. ஒரு பெரிய வளவுக்குள் உயிரோடு தனித்திருக்கும் தாய்க்கும் தகப்பனுக்கும், ரொறன்ரோவிலோ சூரிச்சிலோ இருந்துகொண்டு என்ன செய்வது என்பதற்குத்தான் வகுத்த முறை இல்லை. ஆகவே அவரவர் மனதுக்குப் பட்டதைச் செய்கிறார்கள். மதிலை உயர்த்துகிறார்கள். கமரா பூட்டுகிறார்கள். காவலுக்கு நல்லது என்று ஒரு அல்சேசன் குட்டியும் வந்து இறங்குகிறது.

இதற்குப் பின்னாலுள்ள பயத்தைக் குறை சொல்ல மனம் வராது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது கீரிமலை அடங்கிய வலிகாமம் வடக்கு வெறுமையாயிற்று. அதே ஆண்டு ஒக்டோபரில் நகுலேஸ்வரம் கோயிலே குண்டுவீச்சுக்கு ஆளானது. பிறகு உயர் பாதுகாப்பு வலயம். 2009க்குப் பின் காணிகள் கட்டம் கட்டமாக விடுபட்டபோது திரும்பி வந்தவர்களில் பலர், போகும்போது நடுவயதுக்காரர், வரும்போது வயது போனவர்கள். பக்கத்து வளவு இன்னமும் பற்றை. அதற்கடுத்த வீட்டுக்காரர் லண்டனில். களவு, வாள்வெட்டு என்று இணையத்தில் ஒரு செய்தி வந்தால், அதை முதலில் வாசிப்பது ஊரிலிருக்கும் தாயல்ல, கடல் கடந்த பிள்ளை. அன்றிரவு அந்தப் பிள்ளைக்குத் தூக்கமில்லை. நாய் வருவது அந்தத் தூக்கத்துக்காக. அதில் அன்பு இருக்கிறது. ஆனால் அன்பினால் செய்தது என்பதற்காக விசாரிக்காமல் விட முடியாது, ஏனென்றால் அந்த அன்பைச் சுமப்பவை வேறு இரண்டு உயிர்கள். ஒன்றுக்கு வயது எழுபத்தைந்துக்கு மேல். மற்றது எட்டு வாரக் குட்டி. இரண்டிடமும் யாரும் கேட்கவில்லை.

அல்சேசன் என்று நாம் சொல்லும் நாய் ஜேர்மனியின் ஆட்டு நாய். முதலாம் உலகப் போருக்குப் பிறகு ஜேர்மன் என்ற பெயரைச் சொல்ல விரும்பாத பிரித்தானியர் அதற்கு வைத்த மாற்றுப் பெயரே இந்த மண்ணிலும் ஒட்டிக்கொண்டது. 1899இல் மக்ஸ் வொன் ஸ்டெபானிற்ஸ் என்ற முன்னாள் குதிரைப்படை அதிகாரி இந்த இனத்துக்கென்று ஒரு சங்கத்தைத் தொடங்கினார். அழகு அவருக்கு இரண்டாம் பட்சம். வேலை செய்யும் நாய் வேண்டும் என்பதே அவருடைய பிடிவாதம். அந்த வேலை என்னவென்று கீரிமலையில் நின்று யோசித்தால் திடுக்கிடும். ஜேர்மனியில் மேய்ச்சல் நிலத்தை ஒட்டியே பயிர் நிலம் இருக்கும். இடையில் வேலி கிடையாது. ஆடுகள் பயிருக்குள் இறங்காதபடி நாய் எல்லையோரமாகவே முன்னும் பின்னும் நடந்துகொண்டிருக்க வேண்டும், காலையிலிருந்து மாலை வரை. வேலி இல்லாத இடத்தில் அந்த நாயே வேலி.

நம் ஊரிலோ ஆடே கயிற்றில் நிற்கிறது. கட்டையில் கட்டி, பூவரசங்குழையும் முள்முருக்கங்குழையும் வெட்டிப் போட்டு வளர்க்கிறோம். மந்தையும் இல்லை, மேய்ச்சல் வெளியும் இல்லை. இருப்பது ஆறடி மதில், பூட்டிய படலை, முழங்கால் நோவோடு விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருக்கும் ஒருவர்.

அப்படியான ஒரு வளவின் மதிலோரத்தை உற்றுப் பார்த்தால் ஒன்று தெரியும். செம்மண்ணில், மதிலிலிருந்து ஒரு முழம் தள்ளி, ஒற்றையடித் தடம் விழுந்திருக்கும். அதில் புல் இல்லை. மூலைகளில் மண் சறுக்கிக் குழிந்திருக்கும், நாய் திரும்பும் இடம் அது. படலையடியில் நகம் கிண்டிய பள்ளம். பார்ப்பவர்கள் நல்ல காவல் நாய், ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்பார்கள். உண்மையில் அது நூறாண்டுக்கு முன் தன் பாட்டன் செய்த வேலையைத் தேடிக்கொண்டிருக்கிறது. எல்லை இருக்கிறது, நடக்கவும் செய்கிறது, ஆடுகளைத்தான் காணோம்.

இதை வதை என்று யாரும் சொல்லமாட்டார்கள். இலங்கையின் மிருகவதைத் தடைச் சட்டம் 1907ஆம் ஆண்டினது. அடிப்பதையும் வதைப்பதையும் மனதில் வைத்து எழுதப்பட்டது. இந்த நாய்க்கு அடி இல்லை, பட்டினி இல்லை. மீன் தலை போட்டு அவித்த சோறு நேரத்துக்குக் கிடைக்கிறது, ஊசியும் போடப்படுகிறது. குறைவது வேலை மட்டும். வளர்ந்த ஆட்டு நாய்க்கு நாளொன்றுக்கு ஒன்றிரண்டு மணி நேர நடையும் ஓட்டமும், மூளைக்கு ஏதாவது ஒரு பணியும் வேண்டும். அது கிடைக்காத நாய் குரைத்துத் தீர்க்கும், செருப்பைக் கடிக்கும், கடைசியில் படலை திறக்கும் எவர் மீதும் பாயும். பாய்ந்த பிறகு சங்கிலி. சங்கிலியில் நின்றால் இன்னும் முரடாகும், முரடானதால் சங்கிலி இன்னும் கட்டையாகும்.

மறுபக்கத்தில் அந்தத் தாய். வளர்ந்த ஆண் அல்சேசன் முப்பது முதல் நாற்பது கிலோ வரும். சில வயோதிபப் பெண்களின் நிறையே அவ்வளவுதான். ஒழுங்கையில் ஒரு பூனை குறுக்கே ஓடினால் கயிற்றோடு இழுபடுவது நாயல்ல. அந்த வயதில் இடுப்பெலும்பு உடைந்தால் பழைய நடை திரும்புவது அரிது. இதை அறிந்தே அவர் நாயை வெளியே கொண்டுபோவதில்லை. போகவில்லையே என்ற குற்ற உணர்வு மட்டும் அவருடைய நாளில் ஒரு புதுச் சுமையாகச் சேர்கிறது. தொலைபேசியில் பிள்ளை நாய் எப்படி என்று கேட்டால், நல்லா இருக்கு என்கிறார். பிள்ளை காசு செலவழித்து வாங்கியது, வேறென்ன சொல்வார்?

அதற்காக வயது போனவர்களுக்கு நாய் வேண்டாம் என்று சொன்னால் அது இதைவிடப் பெரிய அநீதி. நாள் முழுவதும் பேச ஆளில்லாத வீட்டில், காலடி கேட்டு வாலாட்டும் ஓர் உயிரின் பெறுமதியை வெளியில் இருப்பவர் எடைபோட முடியாது. விடியற்காலையில் எழும்புவதற்கு ஒரு காரணம் அது. நாய்க்கென்று உலை வைப்பவர் தானும் நேரத்துக்குச் சாப்பிடுவார். எழுபது வயதிலும் தோட்டத்துக்குச் சைக்கிளில் போய்வரும் மனிதர் இருக்கிறார். ஐம்பதில் கதிரையை விட்டு எழும்பாதவரும் இருக்கிறார். ஆகவே கேட்க வேண்டியது பிறந்த ஆண்டையல்ல. இந்த நாயின் நாள் எப்படிக் கழியும், யாருடைய கால்கள் அதோடு நடக்கும், அவ்வளவுதான்.

கொடையைப் பற்றித் தமிழில் ஒரு பழைய சொல் உண்டு: கொடைமடம். மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனை அதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லி, வாங்குபவரின் தேவையை அளந்து பாராத வள்ளன்மை என்று வியக்கிறோம். ஆனால் அதே பேகனைப் பற்றிப் புறநானூற்றில் கபிலர், பரணர் முதலாக நான்கு புலவர்கள் வேறொரு காரணத்துக்காகப் பாடியிருக்கிறார்கள். அவனுடைய மனைவி கண்ணகி தனித்துக் கிடந்து கலங்குகிறாள், அவளிடம் போ என்று இரக்கிறார்கள். பொன்னும் பொருளும் கேட்டு வரவில்லை என்கிறார்கள். மயிலின் குளிர் அவனுக்குப் பட்டது, வீட்டிலிருந்தவளின் தனிமை படவில்லை. புலவர்கள் கேட்டது அவன் போய்வருவதை.

குட்டி அனுப்ப நினைக்கும் பிள்ளைக்கும் இதுதான் பொருந்தும் என்று தோன்றுகிறது. முடிந்தால் நாய்க்கு முன் தானே வர வேண்டும், ஒரு மாதமாவது. வர முடியாதென்றால், நாயின் விலையோடு கால்களுக்கும் காசு அனுப்ப வேண்டும்: காலையும் மாலையும் கடற்கரை வீதியில் நாயை நடத்த ஒழுங்கையிலுள்ள ஒரு பொடியனுக்கு மாதச் சம்பளம். அதுவும் இயலாதென்றால் ஆட்டு நாய் வேண்டாம். ஊர் நாய் ஒன்று, அதுவும் குட்டியாயில்லாமல் ஓடி அடங்கிய நாய், அந்த வளவுக்கு உகந்தது. இந்த வெயிலுக்கும் இந்தச் சோற்றுக்கும் பழகியது. அந்நியர் வந்தால் குரைக்கும், காவலுக்கு அது போதும். யாழ்ப்பாணத்தவர் தெருநாயை வீட்டு நாய்க்குக் கீழே வைத்துப் பார்ப்பது காரணமில்லாத பழக்கம். கைவிடப்பட்ட நாய்களுக்காக இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளை ஒரு சரணாலயமே நடத்துகிறது. இனம் பார்த்து நாய் வாங்கும் ஊரில்தான் இத்தனை நாய்கள் தெருவில் நிற்கின்றன.

இன்னொன்று உண்டு, பேச எவருக்கும் பிடிக்காதது. அல்சேசன் பத்து ஆண்டளவு வாழும். எண்பதை நெருங்கியவரின் கையில் குட்டியைக் கொடுக்கும்போதே, அவருக்குப் பின் அது எங்கே போகும் என்பதும் பேசி முடிக்கப்பட வேண்டும். அவர் கனடாவுக்குப் போனாலும் இதே கேள்விதான். இந்த மண்ணுக்கு அந்தக் காட்சி புதிதல்ல. 1990இலும், வலிகாமமே ஓரிரவில் நடந்த 1995 ஒக்டோபர் 30இலும், கடைசியாகப் படலையைச் சாத்துமுன் நாயின் கயிற்றை அவிழ்த்துவிட்ட கைகள் இன்னும் உயிரோடிருக்கின்றன. அப்போது வேறு வழியில்லை. இப்போது இருக்கிறது.

ஏற்கெனவே நாய் வந்துவிட்ட வீடுகளில், நாய் எப்படி என்று கேட்டால் நல்லா இருக்கு என்ற பதில்தான் வரும். மாரி மழைக்குப் பிறகு மதிலோரத்தில் புல் முளைத்திருக்கிறதா என்று கேட்கலாம். அதற்கு அந்தத் தாய் விறாந்தையை விட்டு இறங்கி, போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வார்.